நாற்பதுக்கு மேல் ஆறு தந்தி

ஜூன் 1, ஞாயிறு

கிடார் வந்துவிட்டது. இரும்புத் தந்தி போட்டது. நைலான் தந்தி விரலுக்கு இதம் என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் எனக்கு ஆசை, பாடிக்கொண்டே கார்ட் (சில ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு) அடிக்க வேண்டும் என்பது. அதற்கு இரும்பின் கணீர்தான் சரி. நைலான் கிடாரையே வாங்கிப் பின்னால் இரும்புத் தந்தி மாட்டிக்கொள்ளலாமே என்றால், கூடாது. ஆறு இரும்புத் தந்திகளையும் சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுப்பு ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். நைலானுக்கென்று மெல்லிதாகச் செய்த பலகை நாளடைவில் உப்பிவிடும், தந்திகளைப் பலகையில் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜ் பெயர்ந்தாலும் பெயரும்.

கடையில் நான் பார்த்தது முக்கியமாக ஒன்றைத்தான்: 12ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவது) தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை. 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்றால் நல்லது. 4 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும் கிடாரில் ஆரம்பித்து, "நமக்கு வராது" என்று அலமாரிக்கு மேல் ஏற்றியவர்கள் எத்தனை பேரோ.

ஜூன் 4, புதன்

சுருதி சேர்க்க ட்யூனர் இருக்கிறது. இருந்தாலும் காதால் சேர்க்கும் வழியையும் சார் சொல்லிக்கொடுத்தார். (ஆசிரியருக்கு என் வயதில் பாதிதான். அவர் என்னை சார் என்கிறார், நான் அவரை சார் என்கிறேன். வகுப்பில் மரியாதைக்குக் குறைவில்லை.)

தடித்த 6ஆம் தந்தியை 5ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால் வருவது 5ஆம் தந்தியின் வெற்று ஒலி (எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வருவது), 110 ஹெர்ட்ஸ். இரண்டையும் ஒன்றாக மீட்ட வேண்டும். சேரவில்லை என்றால் ஒலி ஏறி இறங்கி அலைகிறது. வினாடிக்கு இரண்டு அலை என்றால் இரண்டு ஹெர்ட்ஸ் விலகல். தந்தியை முறுக்கும் பிரடையை மெல்லத் திருப்பத் திருப்ப அலை நீள்கிறது, சோம்பல் முறிக்கிறது, பிறகு அசையாமல் நின்றுவிடுகிறது. அந்த இடம்தான் சுருதி. இதையே நெடுநேரம் செய்துகொண்டிருந்தேன், வாசிப்பதைவிட இது சுகமாக இருந்தது.

மற்றத் தந்திகளுக்கும் இதே 5ஆம் ஃபிரெட்தான். மூன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது மட்டும் 4ஆம் ஃபிரெட். ஏன் என்று ஸ்வரக் கணக்கில் யோசித்தால் உடனே பிடிபடுகிறது. எந்தத் தந்தியை ஸட்ஜமமாக வைத்தாலும் அடுத்தது சுத்த மத்யமம். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மட்டும் அந்தர காந்தாரம்.

ஜூன் 11, புதன்

வலி. இடது கை விரல் நுனிகளில் தந்தி பதிந்த கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு சாய்வில். நடுவிரலில் மட்டும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. சில வாரங்களில் தோல் காய்த்துவிடுமாம். அதுவரை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல், கால் மணி நேரமாகப் பிரித்துக்கொள்கிறேன்.

அழுத்தத்தை விட இடம் முக்கியம். விரல் ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விழுந்தால் லேசாகத் தொட்டாலே ஒலி சுத்தம். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் விழுந்தால் எவ்வளவு நசுக்கினாலும் கரகரப்பு.

ஜூன் 15, ஞாயிறு

முதல் மூன்று கார்டுகள்: ஈ மைனர், ஏ மைனர், சி. ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக மோதிர விரல் மட்டும் 3ஆம் தந்தியை விட்டு 5ஆம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டுக்குத் தாவினால் போதும். மற்ற இரண்டு விரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இதை அறியாத என் விரல்கள் மூன்றும் ஒன்றாக எழுந்து, காற்றில் ஆலோசனை நடத்தி, ஒவ்வொன்றாக இறங்குகின்றன.

ஜூன் 27, வெள்ளி

இன்றைய வகுப்பில் கார்டே கிடையாது. இடது உள்ளங்கையைத் தந்திகளின்மேல் படுக்கவைத்து ஒலியை அடக்கச் சொன்னார். தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 அடியில். வலது கை மட்டும் கீழே, மேலே, கீழே, மேலே. தந்தியில் படாத வீச்சிலும் கை நிற்கக் கூடாது.

பிறகு கார்டுகளைச் சேர்த்தோம். விதி ஒன்றே: இடது கை வந்து சேராவிட்டாலும் வலது கை காத்திருக்காது.

"வெற்றுத் தந்தியில் அடித்தால் அசிங்கமாகக் கேட்காதா, சார்?"

"தாளம் நின்றால்தான் சார் கேட்கும்."

அவரே வாசித்துக் காட்டினார், இம்முறை மெதுவாக. கார்ட் மாறுவதற்கு முந்தைய மேல்வீச்சில் அவருடைய விரல்களும் தந்தியை விட்டு எழுந்துதான் இருந்தன! அந்தக் கணத்தில் ஒலித்தது வெற்றுத் தந்தி. வேகத்தில் யார் காதிலும் அது விழாது. இத்தனை நாளும் கார்டை முழுசாகப் பிடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி என்றிருந்தேன். பெரியவர்களாகிக் கற்க வருகிறவர்களுக்கு இந்தச் சுத்தப் பித்து அதிகம் என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகள் தப்பும் தவறுமாக, ஆனால் நிற்காமல் போய்விடுகிறார்கள்.

ஜூலை 12, சனி

எஃப். ஆட்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு தந்திகளையும் அமுக்குவது என்று எல்லோரும் மிரட்டும் கார்ட். உண்மையில் 5, 4, 3ஆம் தந்திகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆட்காட்டி விரலின் பொறுப்பு 6, 2, 1 மட்டுமே. அதையும் விரலின் சதைப்பக்கத்தால் செய்யாமல், சற்று உருட்டி எலும்புள்ள பக்கவாட்டால் செய்ய வேண்டும்.

முதல் ஃபிரெட்டில் முயல வேண்டாம் என்றார் சார். அங்கே நட் (கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கத்திலேயே இருப்பதால் தந்தி மிக விறைப்பு. அதே பிடியை 5ஆம் ஃபிரெட்டில் வைத்தால் ஏ மேஜர், கைக்கும் எளிது. அங்கே பழகி ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கி வருகிறேன். இன்று 3ஆம் ஃபிரெட், அதாவது ஜி. ஐந்து தந்திகள் ஒலிக்கின்றன. 2ஆம் தந்தி மட்டும் ஊமை. விரல் மூட்டின் மடிப்பு சரியாக அதன்மேல் உட்காருகிறது. நாளை விரலை நூலளவு மேலே தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும்.