மகனின் தெரபிக்கு நிராமயாவில் பணம் வாங்கிய அனுபவம்

மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும் டாக்டர் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி), ஸ்பீச் தெரபி, சிறப்புக் கல்வி மூன்றையும் எழுதிக் கொடுத்தார். எல்லாமே வாரா வாரம், வருடக்கணக்கில் போக வேண்டியவை. வீட்டில் குடும்ப மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருந்ததால் முதலில் அங்கேதான் கேட்டோம். தர முடியாது என்றார்கள்.

ஆட்டிசம் என்பதால் மறுத்துவிட்டார்கள் என்றுதான் பல பெற்றோர் நினைக்கிறார்கள். விஷயம் அது இல்லை. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடுகளைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2019இல் வழிகாட்டுதலும் கொடுத்திருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் பாலிசி, ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமாவது சேர்ந்திருந்தால்தான் பணம் தரும். தெரபிக்கு யார் அட்மிட் ஆகிறார்கள்? முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறோம். அது புறநோயாளிச் செலவு. சட்டத்தைக் காட்டி வாதாடினாலும், பாலிசியில் புறநோயாளிச் செலவுக்கு இடமே இல்லையென்றால் ஒன்றும் பெயராது. உங்கள் பாலிசியை எடுத்து முதலில் இதைப் பாருங்கள். அந்தப் பகுதி இருந்தால் மட்டும் அந்த வழியில் மல்லுக்கட்டலாம்.

தெரபி மையத்தில் பிள்ளைக்காகக் காத்திருந்த இன்னொரு அம்மாதான் நிராமயா பற்றிச் சொன்னார். நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பு நடத்தும் காப்பீடு இது. 1999ஆம் வருடச் சட்டத்தின்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஏற்பட்ட அமைப்பு. காப்பீட்டுத் தொகை வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய். சேர்வதற்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் கிடையாது. புறநோயாளிச் செலவும் தெரபியும் இதில் அடக்கம். ஆனால் லட்சம் முழுவதும் தெரபிக்குக் கிடைக்காது. ஒவ்வொரு வகைச் செலவுக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு, தெரபிக்கான பங்கு சிறியதுதான்.

இதில் சேர ஊனமுற்றோர் சான்று வேண்டும். அரசு மருத்துவமனையில் ஐசா என்ற அளவுகோலை வைத்து மதிப்பிட்டார்கள். இந்தியக் குழந்தைகளுக்காக இங்கேயே உருவாக்கியது. 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பிள்ளை கண்ணைப் பார்க்கிறானா, தனக்குத் தானே சிரிக்கிறானா, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறானா என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். பிள்ளையைக் கவனிப்பதோடு நாம் சொல்லும் பதிலையும் வைத்துத்தான் மதிப்பெண். பெற்ற மனது, அந்த இடத்தில் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசத்தான் துடிக்கும். இருப்பதை இருப்பது போலச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் சான்றிலும் குறைந்துதான் வரும்.

அன்று கூட்டம் அதிகம். வராந்தாவில் மின்விசிறிச் சத்தமும் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடும் சத்தமும் சேர்ந்து என் மகனால் தாங்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்த செவிலியர், "வெளிய மரத்தடியில வச்சிருங்கம்மா, உங்க முறை வந்ததும் நானே வந்து கூப்பிடுறேன்" என்றார். சொன்னபடியே வந்து கூப்பிட்டார். அந்த உதவி எல்லாப் பிள்ளைக்கும் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

சான்றும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வந்த பிறகு, நேஷனல் டிரஸ்டில் பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனம் வழியாக நிராமயாவில் சேர்ந்தோம். அந்த வேலை சுலபமாக முடிந்தது.

பணம் திரும்ப வாங்குவதில்தான் இழுபறி. இதில் கேஷ்லெஸ் கிடையாது. நாம் கட்டிவிட்டு, அசல் பில்லோடு கிளெய்ம் படிவத்தை டிபிஏவுக்கு, அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் நிறுவனத்துக்கு, அனுப்ப வேண்டும். எங்கள் முதல் கிளெய்ம் கேள்வியோடு திரும்பி வந்தது. தெரபி மையம் கொடுத்த பில்லில் "தெரபி கட்டணம், ஜூன் மாதம்" என்று ஒரே வரி, பக்கத்தில் மொத்தத் தொகை. எந்த தெரபி, எந்தெந்தத் தேதி, யார் கொடுத்தது, ஒரு அமர்வுக்கு எவ்வளவு என்று டிபிஏ கேட்டது. மையத்தில் போய்ச் சொன்னால், "எல்லாருக்கும் இப்படித்தான் மேடம் போடுறோம், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார்கள்.

சரி என்று நானே ஒரு தாள் தயாரித்தேன். தேதி, தெரபியின் பெயர், ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், தெரபிஸ்ட் கையெழுத்து, என் கையெழுத்து. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அங்கேயே நிரப்பிவிடுவோம். மாதக் கடைசியில் அதைப் பார்த்து மையம் பில் போட்டு முத்திரை வைக்கும். ஸ்பீச் தெரபிஸ்டும் சிறப்பு ஆசிரியரும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிந்தவர்கள், அவர்களுடைய பதிவு எண்ணையும் பில்லில் சேர்க்கச் சொன்னேன். இப்போது அந்த மையத்தில் வேறு சில பெற்றோரும் இதே தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

டாக்டரின் கடிதமும் அதே அளவு முக்கியம். "தெரபி தொடரவும்" என்று மருந்துச் சீட்டில் எழுதியது போதவில்லை. குழந்தையின் பெயர், நோயறிதல், என்னென்ன தெரபி, வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை மாதத்துக்கு என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, டாக்டரின் பதிவு எண்ணோடு கையெழுத்து வாங்கினோம். தெரபி ஆரம்பிக்கும் முன்பே இதை வாங்கிவிடுவது நல்லது. கடிதத்தின் தேதிக்கு முந்தைய பில்களுக்குக் கேள்வி வரும்.

அப்புறம் இந்த இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், யுடிஐடியில் முன்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக. நமக்கு மூன்றும் ஒரே பிள்ளைதான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மையத்திலும் டாக்டரிடமும் யுடிஐடியில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லிவிடுங்கள், வங்கிக் கணக்கையும் முடிந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரிசெய்து மறுபடி அனுப்பியதும் பணம் வந்தது, கேட்டதில் ஒரு பகுதி. எதைக் கழித்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அடுத்த கிளெய்முக்கு அதை வைத்துக்கொண்டேன். பில்களைச் சேர்த்து வைக்காமல் மாதா மாதம் அனுப்புகிறேன், தாமதமானால் அதையே காரணம் காட்டுவார்கள். பாலிசி வருடம் மார்ச் 31இல் முடிந்துவிடும், நடுவில் சேர்ந்தாலும் அன்றோடு சரி. அதனால் புதிதாகச் சேர்பவர்கள் சான்று வேலையை முன்கூட்டியே முடித்து ஏப்ரலிலேயே சேர்ந்தால் முழு வருடமும் கிடைக்கும்.

கிடைக்கும் தொகை எங்கள் வருடச் செலவில் கொஞ்சம்தான். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கென்று ஒதுக்கிய பெரிய பங்கை என் மகன் தொட்டதே இல்லை, அவனுக்கு வேண்டியதெல்லாம் தெரபி. அந்தப் பங்கைத் தெரபிக்கும் பயன்படுத்த விட வேண்டும் என்று எங்கள் மையத்துப் பெற்றோர் சேர்ந்து நேஷனல் டிரஸ்டுக்கு மனு எழுதியிருக்கிறோம். உங்கள் ஊரிலிருந்தும் எழுதுங்கள்.