கண்ணில் தெரிந்த தங்கம், ரிசல்ட்டில் 0.4 கிராம்

ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ பக்கம் குவார்ட்ஸ் ரீஃபில் (தங்கம் கலந்த வெள்ளைப் பாறைப் பாளம்) வேலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

டிரில்லிங், லாகிங் (வந்த பாறையைப் பார்த்துக் குறிப்பெடுப்பது) எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. ஒரு கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைப் பாறை) துண்டில் கரும்பட்டையை ஒட்டிக் கடுகளவு தங்கம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. நீளவாக்கில் அறுத்துப் பாதியை லேபுக்கு அனுப்பினோம், படிவத்தில் ஸ்கிரீன் ஃபயர் அசே (அரைத்ததைச் சலித்து, பெரிய தங்கத்தைத் தனியாக உருக்கி அளப்பது) என்று தெளிவாக எழுதித்தான். வந்தது டன்னுக்கு 0.4 கிராம்! விசாரித்தால், கவுண்டரில் இருந்தவர் அதை வழக்கமான 50 கிராம் ஃபயர் அசே (சலிக்காமல் 50 கிராம் பொடியை மட்டும் உருக்கி அளப்பது) என்று பதிந்திருக்கிறார். சரி, அரைத்த மாதிரியின் மிச்சத்தை வைத்துத் திரும்பச் செய்யுங்கள் என்று நேரிலேயே போய்க் கேட்டேன். மிச்சத்தைக் கொட்டிவிட்டார்களாம். அதற்கு ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

இது சின்ன விஷயமில்லை. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்க மணி ஒன்று சுமார் 10 மில்லிகிராம் இருக்கும். அது அந்த 50 கிராமுக்குள் விழுந்தால் டன்னுக்கு 200 கிராம், விழாவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அரைத்தாலும் தங்கம் பொடியாகாது, தட்டையாகி மில்லில் அப்பிக்கொண்டு அடுத்தவர் மாதிரியையும் கெடுக்கும். மணியின் விட்டம் இரண்டு மடங்கானால் அதே நம்பகத்துக்கு எட்டு மடங்கு மாதிரி வேண்டும், மாதிரியெடுப்புக் கோட்பாட்டை வகுத்த பியர் ஜியின் சூத்திரம் அப்படி.

மேனேஜர் அந்த ரீஃபையே விட்டுவிடலாம் என்றார். நான் விடவில்லை. மீதிப் பாதியை வேறு லேபுக்கு அனுப்பி, 1 கிலோவை 106 மைக்ரான் சல்லடையில் சலித்து, மேலே நின்றதை மொத்தமாக உருக்கிப் பார்க்கச் சொன்னேன். டன்னுக்கு 31 கிராம். அதில் பெரும்பங்கு சல்லடைக்கு மேலே நின்றதில்தான் இருந்தது. அந்த ரிப்போர்ட்டை மேசையில் வைத்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே!

ஆனால் 31 என்பதையும் ரீஃபின் கிரேடு (டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம்) என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் அரைக் கோர்தான். ரீஃப் எங்கே போகிறது என்று கோர் சொல்லும், அவ்வளவுதான். கடைசியில் ரீஃபை ஒட்டியே சுரங்கம் வெட்டி, டன் கணக்கில் எடுத்து, ஜிக்கிலும் டேபிளிலும் (கனமான தங்கத்தைத் தண்ணீரில் பிரிக்கும் கருவிகள்) ஓட்டிப் பார்த்த பிறகுதான் டன்னுக்கு 9 கிராம் என்று நம்பி எழுத முடிந்தது.

அனுப்புமுன் இவற்றைச் செய்துவிடுங்கள்: மிச்சத்தைக் கொட்டக் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். தங்கம் தெரியும் மாதிரிக்கு அடுத்து வெற்றுக் குவார்ட்ஸ் போட்டு மில்லைக் கழுவச் சொல்லுங்கள், அந்தக் குவார்ட்ஸையும் அசே செய்யச் சொல்லுங்கள். அப்புறம், அறுக்கும் கோட்டை லாகிங்கின்போதே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தங்கம் தெரியும் பக்கத்துக்குத்தான் கை போகும். முடிந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கோரை அறுக்காமல் முழுசாகவே அனுப்புங்கள்.