சந்தா கட்ட முதல்

கிளிநொச்சியில இண்டைக்குப் பின்னேரம் கரண்ட் போச்சு. மேசையில பகடை கிடக்கு; பெடியள் நாலு பேரின்ர போனிலயும், தாங்கள் ஆடுற கதாபாத்திரத்தின்ர விவரம் இருக்கிற பாத்திரத் தாள் திறக்காமல் சுத்திக்கொண்டே நிக்குது.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் எண்ட கதாபாத்திர மேசை விளையாட்டை ஆட ஆளாளுக்குச் சந்தா தேவையில்லை. அதின்ர அதிகாரபூர்வ இணையத்தளமான டி அன்ட் டி பியோண்டில இலவசக் கணக்கிலயே 6 பாத்திரம் வைக்கலாம். ஆட்டத்தை நடத்துறவர் அங்க 'மாஸ்டர்' எண்ட வகைச் சந்தா எடுத்தால் போதும். தான் வாங்கின புத்தகங்களைக் குழுவுக்குத் திறந்துவிடலாம்.

ஆனா சந்தாவுக்குள்ள புத்தகம் வராது. அது தனிக்காசு!

இதிலதான் கனபேர் ஏமாறுறது. சந்தாவை நிப்பாட்டினா அந்தப் பகிர்வும் நிண்டுபோம்.

எஸ்ஆர்டி 5.1 எண்ட அடிப்படை விதித்தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் எண்ட திறந்த உரிமத்தில இலவசம். பிடிஎஃபைப் போனில இறக்கி, பாத்திரத் தாளை அச்சடிச்சு வையுங்கோ. புதுப் புத்தகத்து வகுப்புகள் (கதாபாத்திர வகைகள்) வேணுமெண்டாத்தான் காசைப் பற்றி யோசிக்கோணும்.