அடுத்த குண்டுக்கு முன் கிடைக்கும் சில மணி நேரம்

சிகாகோவில் ஒரு பையன் குண்டடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால், அண்ணன், கூட்டாளிகள் எல்லாம் வராந்தாவில் கொதித்துக்கொண்டு நிற்பார்கள். பழிவாங்கும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் போலீஸ் சொல் எடுபடாது. அதனால்தான் 2000-இல் தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் அந்நகரின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் என்ற பகுதியில் தொடங்கிய திட்டம், முன்பு கும்பலில் இருந்து விலகியவர்களையே சம்பளத்துக்கு வைத்தது. அவர்கள் புத்திமதி சொல்வதில்லை. யார் துப்பாக்கி எடுக்கப் போகிறான் என்று பார்த்து, தனியாகக் கூட்டிப்போய், சாப்பிட வைத்து, "இன்னிக்கு ராத்திரி மட்டும் வேணாம்டா" என்று பிடித்து நிறுத்துவார்கள். மறுநாள் திரும்பப் போவார்கள். எதிர்த்தரப்பிலும் பேசுவார்கள். கேட்ட சேதி போலீஸுக்குப் போகிறது என்ற சந்தேகம் ஒருமுறை வந்தால் போச்சு, பேசப் போன ஆளின் உயிருக்கே ஆபத்து.

கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட், சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். 2007-இல் மட்டும் 47 கொலைகள். அங்கே 2010 முதல், சுடக்கூடியவர்கள் என்று தெரிந்த இளைஞர்களையே தேடிப்போய் 18 மாதப் பயிற்சியில் சேர்த்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காக வந்தால், மாதம் 1,000 டாலர் வரை, அதிகபட்சம் ஒன்பது மாதம். பலர் கோபப்பட்டது இந்தக் காசைப் பார்த்துத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பயண நிபந்தனை: வெளிமாநிலம் போக வேண்டுமா, எதிர்க்கும்பல் பையனோடு சேர்ந்துதான் போக வேண்டும்.

2015-இல் இல்லினாய் மாநிலம் சிகாகோ திட்டத்துக்கான பணத்தை நிறுத்தியது. மறு வருடம் அந்நகரில் 750-க்கும் மேல் கொலைகள். இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவுக்குப் பழக்கமான ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், பணம் திரும்பி வந்த அன்றே அவர்மேல் இருந்த நம்பிக்கையும் கூடவே வந்துவிடாது.