ஆனி மாதத்தில் ஊரே வீடு மாறுகிறது

ஜூலை 1 வீடு மாறுகிறோம் என்று சொன்னதும் போனில் அம்மாவிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வந்தது: "ஆனி அடியெடார், கூனி குடிபோகார். அதுகூடவா மறந்துபோச்சு?" மறக்கவில்லை. ஆனால் மாண்ட்ரியாலில் பாதி ஊர் அன்றைக்குத்தான் குடிபோகிறது என்று சொன்னால் நம்பவா போகிறார்?

மாண்ட்ரியால் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் முன்பெல்லாம் வாடகை ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியில் முடியுமாம். பள்ளிக்கூடம் நடக்கும்போது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலையவேண்டாம் என்று 1970களில் அதை ஜூன் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். இன்றைக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை, ஆனாலும் பழக்கம் விடவில்லை. மற்ற மாகாணங்கள் கனடா தினம் கொண்டாடும்போது இங்கே நடைபாதை முழுக்க மெத்தையும் சோபாவும். லாரிக்காரர்களை மாதக்கணக்கில் முன்கூட்டியே பிடிக்காவிட்டால் கிடைக்கமாட்டார்கள், கிடைத்தாலும் கூலி எகிறியிருக்கும்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு குடும்பம். அப்பா, இரண்டு மகன்கள், போனும் கணக்கும் மகள். படி வளைவா நேரா, ஃபிரிட்ஜ் உங்களுடையதா என்றெல்லாம் கேட்டாள் அந்தப் பெண். (இங்கே பல வீடுகளில் ஃபிரிட்ஜும் அடுப்பும் குடியிருப்பவரோடு கூடவே போகும்.) புத்தகம் சின்னப் பெட்டியில், தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து, எந்த அறைக்கு என்பதைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுத வேண்டும் என்றாள், அடுக்கினால் மேல்பக்கம் தெரியாதே. தீப்பிடிக்கிற சாமான் எதுவும் ஏற்றமாட்டார்கள். எல்லாம் சரி. குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், சாமி படம் மட்டும் என் மடியில்தான் வரும் என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஊர்ப் பழைய வீடுகளின் படிக்கட்டு வாசலுக்கு வெளியே, இரும்பில், வளைந்து வளைந்து மேலே போகும். அதில் எங்கள் ஃபிரிட்ஜ் ஏறும்போது பழைய குடித்தனக்காரரின் வாஷிங் மெஷின் இறங்க வந்தது. கீழே நின்றுகொண்டு அந்த அப்பா மகனைப் பிரெஞ்சில் திட்டிய திட்டு இருக்கிறதே, எனக்குப் பாதிகூடப் புரியவில்லை, ஆனால் "இடது பக்கம்டா, எது இடதுன்னு தெரியுமா உனக்கு?" என்று என் அப்பாவே கத்துவதுபோல இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் என் கணவருக்கு வயிற்றைக் கலக்கியது. நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இப்போதெல்லாம் ஊர் ஏக்கம் கிடையாது. ஆனாலும் அன்றைக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தது. என் அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வரும், லாரியில் கட்டில், பீரோ, மேலே மெத்தை, டிரைவர் பக்கத்தில் யார் உட்காருவது என்று தம்பியோடு அடிதடி, எதிர்வீட்டு மாமி கட்டிக் கொடுத்த புளியோதரை. எந்தப் பெட்டியிலும் எதுவும் எழுதியிருக்காது. பெருங்காய டப்பா எங்கே என்று கேட்டால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டுவார். சாமான் இறக்கியவர்களுக்குச் சொம்பில் மோர் போகும். அந்த நினைப்பில் நானும் கரைத்துக் கொடுத்தேன். மகன்கள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார்கள், அவர்கள் அப்பா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

கடைசியாக ஒரு சின்னப் பெட்டி. லேசாக இருக்கும் என்று ஒற்றைக் கையால் தூக்கப் போன இளையவன் அப்படியே நின்றுவிட்டான். அம்மி. திறந்து காட்டியதும் அப்பா எல்லோரையும் கூப்பிட்டார், லாரியிலிருந்து மகளும் இறங்கி வந்தாள். குழவியைப் பிடித்து ஆளுக்கு ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார்கள், கொஞ்சம் மிளகு போடலாமா என்று நான் வேறு கேட்டுவைத்தேன், என் கணவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிளகு பொடியான பிறகுதான் கிளம்பினார்கள். பில்லில் கால் மணி நேரம் குறைவாகவே போட்டிருந்தாள் மகள். என் கணவர் நம்பாமல் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.