வெளிச்சத்தைக் குறைத்தால்தான் தெரியும்

சித்திரை பிறந்தாலே எங்கள் ஆய்வகத்துக்கு வரும் சிறுநீர் சாம்பிளின் நிறம் மாறிவிடும். வேலூர் வெயில் அப்படி. பதினெட்டு வருடமாக இதே மேசையில்தான் வேலை.

சேர்ந்த புதிதில் குடியாத்தத்துக் கைலி நெசவாளி ஒருவர் வந்தார். காலையில் தறியில் உட்கார்ந்தால் மதியம்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாராம். சாம்பிளை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, வண்டலை ஸ்லைடில் விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டேன். சீனியர் அக்கா மைக்ராஸ்கோப்பில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்தார். "இப்பப் பாரு தம்பி." ஓரம் மட்டும் லேசாகத் தெரிய, முனை மழுங்கி, கண்ணாடிக் குச்சி போல நான்கைந்து கிடந்தன. ஹயலின் காஸ்ட். சிறுநீரக நுண்குழாய்க்குள் வார்த்தெடுத்த அச்சு. தண்ணீர் குறைந்தால் நல்ல சிறுநீரகத்திலும் வரும் என்றார் அக்கா.

அந்த அச்சின் சரக்கு டாம்-ஹார்ஸ்ஃபால் புரதம். இன்ஃப்ளுவென்சா வைரஸ் ரத்த அணுக்களைத் திரட்டவிடாமல் தடுக்கும் பொருளாக 1950இல் டாம், ஹார்ஸ்ஃபால் இருவரும் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தது. யூரோமோடுலின் என்பதும் இதுவே. ஆரோக்கியமானவரின் சிறுநீரில் உள்ள புரதங்களில் இதுதான் அதிகம். ரத்தத்திலிருந்து கசிவதல்ல, நுண்குழாயின் ஒரு பகுதியான ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் சிறுநீரகமே சுரப்பது. ஈ.கோலை கிருமி சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டுவதற்குப் பதில் இதில் ஒட்டி வெளியே போய்விடும். கல் சேராமலிருக்கவும் உதவுகிறது. "புரதம் போகுதாமே, கிட்னி போச்சா சார்?" என்று கண் கலங்குகிறவர்களிடம் இதைச் சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்டிரிப்பில் புரதத்துக்கான நிறம் மாறினால் அது பெரும்பாலும் ரத்தத்திலிருந்து கசியும் அல்புமின் என்ற புரதம். அதை டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

இந்தக் காவல்காரனே வழியை அடைப்பதும் உண்டு. மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோயில் உண்டாகும் லைட் செயின்கள் (ஆன்டிபாடிப் புரதத்தின் துண்டுகள்) இதோடு பின்னிக் கட்டியாகி நுண்குழாயை அடைத்துவிடும். கொடுமை என்னவென்றால், ஸ்டிரிப் லைட் செயினைக் காட்டாது.

போன வருடம் பள்ளிகொண்டாப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி. மாதக்கணக்கில் முதுகுவலி, சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஸ்டிரிப் நெகட்டிவ். மனசு கேட்கவில்லை. லைட் செயின் உட்பட எந்தப் புரதம் இருந்தாலும் கலங்கவைக்கும் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கஞ்சித்தண்ணி மாதிரி வெள்ளையாகக் கலங்கியது. ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்கவில்லை. குழாயோடு மாடியேறி டாக்டர் முன்னால் நின்றேன்.