மரத்துப்போன உதடு, மரக்காத பல்

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு பிளாக் (கீழ்ப் பற்களுக்குப் போகும் நரம்பையே மரக்க வைக்கும் ஊசி) போட்டு ஐந்து நிமிடம் ஆகிறது. "உதடு தடிச்ச மாதிரி இருக்கு டாக்டர்" என்கிறார் நோயாளி. குடையும் கருவியான பர் பல்லைத் தொட்டதும் துள்ளி எழுகிறார். பல் கிளினிக்கில் வேலை பார்க்கும் யாருக்கும் இது பழகிய காட்சி.

இந்த நரம்பை முதலில் மரக்க வைத்தது கொக்கெயின். 1884-ல், நியூயார்க்கில், அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட்டும் சகாக்களும். தங்கள் மீதே குத்திப் பார்த்ததில் ஹால்ஸ்டெட் அதற்கு அடிமையானார். 1905-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஐன்ஹார்னின் புரோகெயின் என்ற மரப்பு மருந்து புழக்கத்துக்கு வந்து அந்தப் பயத்தைத் தீர்த்தது. 1943-ல் லோஃப்கிரென் ஸ்வீடனில், இன்று பரவலாகப் போடும் லிக்னோகெயினைத் தயாரித்தார். உடனிருந்த லுண்ட்க்விஸ்ட் தன் உடம்பிலேயே சோதித்தார். மருந்து இத்தனை மாறியும் குத்தும் இடம் ஏறக்குறைய அதேதான்.

எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேலாக சிரிஞ்சைக் கொண்டுவந்து, கீழ்ப் பற்களின் கடிதளத்துக்கு 6 முதல் 10 மி.மீ. மேலே நுழைய வேண்டும். 20–25 மி.மீ. ஆழத்தில் எலும்பு தட்டும். பாதி ஊசியிலேயே தட்டினால் முன்னால் குத்தியிருக்கிறோம். தட்டவே இல்லையென்றால் பின்னால். அங்கே மருந்தை விட்டால் காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய், அதன் வழியே ஓடும் முக நரம்பு மரத்து, அந்தப் பக்கக் கண்ணைச் சில மணி நேரம் மூட முடியாது. தட்டியதும் 1 மி.மீ. பின்வாங்கி, உறிஞ்சிப் பார்த்து, ரத்தம் வராவிட்டால் 1.5 மி.லி.யை ஒரு நிமிடமாவது எடுத்துச் செலுத்த வேண்டும். கூட்டமான நாளில் முதலில் பறிபோவது இந்த ஒரு நிமிடம்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் பல் ஏன் வலிக்கிறது? சீழின் அமிலம் மருந்தை முடக்குகிறது என்று குறை சொல்வது வழக்கம். அது பல்லுக்குப் பக்கத்திலேயே போடும் ஊசிக்குப் பொருந்தும். பிளாக் போடும் இடம் சீழிலிருந்து தள்ளி இருக்கிறது. பல்கூழ் (பல்லுக்குள் இருக்கும் மென்திசு) அழன்றிருந்தால் அதன் நரம்பு இழைகளே உசுப்பேறி நிற்கின்றன. லிக்னோகெயினுக்கு எளிதில் அடங்காத, வலிச் சைகையைக் கடத்தும் சோடியம் வாய்க்கால்களும் அங்கே கூடுகின்றன.

அதனால் உதடு நன்றாக மரத்த பிறகு இன்னொரு பிளாக் போட்டுப் பெரிய பலன் இல்லை. மருந்தோடு அட்ரினலினும் கலந்திருக்கும்; 1:80,000 கரைசலில் ஒரு மி.லி.க்கு 12.5 மைக்ரோகிராம் அட்ரினலின் இருக்கிறது. இதய நோயாளிக்கு வழக்கமான எல்லை 40 மைக்ரோகிராம், அதாவது 3.2 மி.லி. இரண்டு பிளாக்கிலேயே எல்லை நெருங்கிவிடும். மாறாக, பல்லுக்கு வெளிப்பக்கம் ஆர்டிகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தைப் போடலாம். அதுவும் போதாவிட்டால் ஈறு இடுக்கில் ஊசியைச் செருகி, வேருக்கு 0.2 மி.லி. வீதம் அழுத்திச் செலுத்த வேண்டும். பிஸ்டன் கைக்கு எதிர்த்து நிற்க வேண்டும். சுலபமாக இறங்கினால் மருந்து வாய்க்குள் வழிகிறது. "கசக்குது டாக்டர்" என்று நோயாளியே சொல்லிவிடுவார்.